நாம் போன பின்பு என்ன சொல்வார்கள்?



மய்யித்து வீட்டுக்குப் போகாதவர் நம்மில் யாரும் இல்லை. வாசலில் பெஞ்சு போட்டிருப்பார்கள். உள்ளே குர்ஆன் ஓதும் ஓசை கேட்கும். கபன் துணி வெட்டிக் கொண்டிருப்பார்கள். கப்ரு வெட்டப் போனவர்களிடமிருந்து இன்னும் தகவல் வந்திருக்காது. அந்த இடைவேளையில் வாசலில் அமர்ந்திருப்பவர்கள் பேசுவார்கள். யாரைப் பற்றி? உள்ளே படுத்திருப்பவரைப் பற்றித்தான்.

"நல்ல மனுஷர். யார் வம்புக்கும் போக மாட்டார்" என்பார் ஒருவர். "ஜமாஅத்தைத் தவற விட்டுப் பார்த்ததில்லை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

இந்தப் பேச்சை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நாமே பேசியுமிருக்கிறோம். ஆனால் இன்ஷா அல்லாஹ் என்று கூடச் சொல்லத் தேவையில்லாமல் வந்தே தீரும் ஒரு நாளில், இதே மனிதர்கள் நம் வீட்டு வாசலில் அமர்ந்து நம்மைப் பற்றிப் பேசுவார்களே, அதை எண்ணிப் பார்த்ததுண்டா? அப்போது என்ன சொல்வார்கள்? ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்த்துக் கொண்டிருக்கப் போகும் அந்த மூன்றாமவர் யார்? அவர் மனத்தில் என்ன இருக்கும்?

இந்தக் கேள்வியை வைத்துக் கொண்டு நம்மை நாமே கணக்குப் பார்ப்பதுதான் இந்த மாதப் பாடம்.

அல்லாஹ்வின் சாட்சிகள்

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம் பெற்றுள்ளது. ஒரு ஜனாஸா கடந்து சென்றது. அங்கிருந்தவர்கள் அந்த மனிதரின் நற்குணங்களைப் பேசினார்கள். கடமையாகி விட்டது என்றார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். பின்னர் மற்றொரு ஜனாஸா சென்றது. அவருடைய தீய குணங்களைப் பேசினார்கள். அப்போதும் கடமையாகி விட்டது என்றார்கள். எது கடமையாயிற்று என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டார்கள். முதலாமவருக்குச் சுவர்க்கம், அடுத்தவருக்கு நரகம் என்று விளக்கிய பெருமானார் (ஸல்) அவர்கள், பூமியில் அல்லாஹ்வின் சாட்சிகள் நீங்களே என்றும் கூறினார்கள்.

எவ்வளவு கனமான சொல்! நம்முடன் கடையில் அமர்பவர், பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டுபவர், நம்மிடம் கூலி வாங்குபவர் ஆகிய எல்லோரும் சாட்சிகள். சாட்சிக் கூண்டில் நாளைதான் ஏறுவார்கள். ஆனால் சாட்சியத்துக்கு வேண்டியதை இன்றே நம்மிடமிருந்து சேகரித்துக் கொண்டிருக்கிறார்கள்.

இதை வைத்து, ஊரார் வாயால் புகழப்பட்டவரெல்லாம் சுவர்க்கவாதி என்று முடிவு கட்டிவிட முடியாது. உண்மையுள்ள நல்லவர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லும் சாட்சியமே இங்கே கருதப்படுகிறது என்று அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளார்கள். காசுக்கும் பயத்துக்கும் கிடைக்கும் புகழ் இந்தக் கணக்கில் சேராது.

நற்பெயரை விரும்பலாமா?

"ஊரார் என்ன சொன்னால் நமக்கென்ன? அல்லாஹ்வுக்கு அஞ்சினால் போதாதா?" என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் கேட்ட துஆ ஒன்றை அருள்மறை நமக்கு எடுத்துக் காட்டுகிறது. 26ஆவது சூராவான அஷ்ஷுஅராவின் 84ஆவது வசனத்தில், பின்னால் வரும் மக்களிடையே தமக்கு உண்மையான நற்பெயரை ஏற்படுத்தித் தருமாறு அவர்கள் தம் ரப்பிடம் வேண்டுகிறார்கள்.

இந்த துஆவில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவர்கள் கேட்டது உண்மையான நற்பெயர். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் புகழை அவர்கள் கேட்கவில்லை. இரண்டாவது, அதை அவர்கள் மக்களிடம் கேட்கவில்லை, அல்லாஹ்விடம் கேட்டார்கள். அந்த துஆ எப்படிக் கபூலாயிற்று என்பதற்கு வேறெங்கும் தேட வேண்டாம். இன்று லுஹர் தொழுதீர்களே, அத்தஹிய்யாத்துக்குப் பின் ஸலவாத்து ஓதினீர்களே, அதில் யாருடைய பெயரைச் சொன்னீர்கள்? ஆயிரமாயிரம் ஆண்டுகள் கடந்து, அவர்கள் கண்ணால் காணாத ஒரு நாட்டில், அவர்கள் கேட்டறியாத தமிழைப் பேசும் நாம், நாள்தோறும் தொழுகையில் அவர்களை நினைவு கூர்கிறோம்!

ஆகவே நற்பெயரை விரும்புவது குற்றமாகாது. அதை யாரிடம் தேடுகிறோம், எதற்காகத் தேடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூவரின் கதி

இந்த இடத்தில் கால் வழுக்கி விடக் கூடாது. மறுமையில் முதன்முதலாகத் தீர்ப்பளிக்கப்படும் மூவரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நீண்ட ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. போரில் உயிர் துறந்த ஒருவர், கல்வி கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதிய ஒருவர், பொருளை வாரி வழங்கிய ஒருவர். மூவரும் செய்தவை பெரிய அமல்கள். ஆனால் வீரன் என்றும், ஆலிம் என்றும், கொடையாளி என்றும் பெயர் வாங்கவே அவற்றைச் செய்தார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு உலகத்திலேயே கிடைத்தும் விட்டது. மறுமையில் கூலியில்லை; முகம் குப்புற இழுத்துச் செல்லப்படுவார்கள்.

அல்லாஹ் நம்மைக் காப்பானாக! பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன் இறக்கையில் தன் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று தொழுகையில் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பவர் நம்மில் இருந்தால், அவர் இந்த ஹதீஸை மீண்டும் ஒருமுறை படிக்கட்டும்.

அப்படியானால் 'நாம் போன பின்பு என்ன சொல்வார்கள்' என்று எண்ணுவதே ரியாவாகி விடாதா? அப்படிப் பேச வைப்பதற்கு வழி தேடினால், அது ரியா. உள்ளதைச் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று நினைத்து வெட்கப்பட்டால், அது முஹாஸபா, தன்னைத் தானே கணக்குப் பார்ப்பது. கண்ணாடி முன் நிற்பவர் இருவர். ஒருவர் அழகு பார்க்கிறார். மற்றவர் முகத்திலுள்ள கரியைத் தேடித் துடைக்கிறார். கண்ணாடி ஒன்றுதான்.

சொல்லாமல் விடப்படுபவை

இன்னொன்றையும் நாம் புரிந்து கொள்ள வேண்டும். நம் ஜனாஸாவின் போது நம்மைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இறந்தவர்களை ஏச வேண்டாம், அவர்கள் தாங்கள் முற்படுத்தியதைப் போய்ச் சேர்ந்து விட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக நாம் அறிகிறோம். மார்க்கம் அறிந்த மக்கள் வாயை மூடிக் கொள்வார்கள். அது அவர்களுடைய தக்வா. அதை நமக்குக் கிடைத்த நற்சான்று என்று கணக்கில் எழுதிக் கொள்ள முடியுமா?

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசுதாரர் ஒருவர் எழுந்து நின்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாங்கிக் கொள்ளுங்கள், யாருக்காவது மனம் நோகும்படி நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்து விடுங்கள் என்று தழுதழுத்த குரலில் சொல்வார். சபை முழுவதும் அமைதியாக இருக்கும். சிலர் தலையசைப்பார்கள்.

அந்த மகன் கடனைத் தீர்த்து விடலாம். ஆனால் பத்துப் பேர் முன்னிலையில் நாம் ஒருவரைக் கேவலமாகப் பேசினோமே, அதை எந்த மகன் எதைக் கொடுத்துத் தீர்ப்பான்? தங்கையின் பங்கைக் கொடுக்காமல், "பிறகு பார்க்கலாம்" என்று இருபது வருடம் இழுத்தோமே, அவள் அன்று உள்ளே அழுது கொண்டிருக்கையில், வாசலில் சொல்லப்படும் அந்த ஒரு வாக்கியம் அவள் காதில் எப்படி விழும்? எனவே ஜனாஸாவில் பேசப்படுவதைக் கற்பனை செய்வதோடு நில்லாமல், பேசாமல் விடப்படுவதையும் கற்பனை செய்ய வேண்டும். நம் உண்மையான கணக்கு அங்கேதான் இருக்கிறது.

நான்கு சாட்சிகள்

யாருடைய வாயைக் கற்பனை செய்வது? மேடையில் மாலை போடுபவர்களை விட்டு விடுங்கள். நம்மை ஒளிவு மறைவின்றிப் பார்த்தவர்கள் நால்வர் உண்டு.

முதலாவது, துணைவர். ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கி, நடுக்கத்தோடு இல்லம் திரும்பிய பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஆறுதல் கூறியவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்கள். அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று உறுதி சொன்ன அன்னையார், அதற்குக் காரணங்களையும் அடுக்கினார்கள். உறவினரைச் சேர்ந்து வாழ்கிறீர்கள், பிறர் சுமையைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்குக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், துன்பப்பட்டோருக்குத் துணை நிற்கிறீர்கள் என்பவையே அவை. சுமார் 15 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த மனைவியின் வாக்குமூலம் இது. நம் மனைவியிடம் கேட்டால் இந்த ஐந்தில் எத்தனையைச் சொல்வாள்? சகோதரிகளே, உங்கள் கணவர் உங்களைப் பற்றி என்ன சொல்வார்? உங்கள் மாமி, உங்கள் மருமகள் என்ன சொல்வார்கள்?

இரண்டாவது, நம்மிடம் வேலை செய்பவர். சிறு வயதிலேயே ஊழியத்துக்கு வந்த அனஸ் (ரலி) அவர்கள், 10 ஆண்டுகள் தாம் பணி செய்தும் நபி (ஸல்) அவர்கள் ஒரு முறை கூடத் தம்மைச் 'சீ' என்றதில்லை, செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்று நினைவு கூர்ந்தார்கள். கடைப் பையனும், வீட்டு வேலை செய்யும் பெண்ணும் பத்து ஆண்டுகளுக்குப் பின் நம்மைப் பற்றி எதை நினைவு கூர்வார்கள்? நாம் தஸ்பீஹ் உருட்டியதையா? ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்ததற்காகக் கத்தியதையா?

மூன்றாவது, அண்டை வீட்டார். நிறையத் தொழுது, நோன்பு நோற்று, தர்மமும் செய்து, ஆனால் நாவினால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டது. அவள் நரகத்திற்குரியவள் என்றார்கள். உபரியான அமல்கள் குறைவாக இருந்தும் அண்டையாரைத் துன்புறுத்தாத மற்றொரு பெண்ணைப் பற்றிக் கூறப்பட்டது. அவள் சுவர்க்கத்திற்குரியவள் என்றார்கள். தஹஜ்ஜுத் தொழுததைப் பக்கத்து வீட்டார் பார்த்திருக்க முடியாது. நம் குரலை அவர்கள் தினமும் கேட்டார்கள்.

நான்காவது, நம்மிடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர். 3 தீனார் கடன் வைத்துவிட்டு, அதைத் தீர்க்க எதுவும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸா கொண்டு வரப்பட்ட போது, உங்கள் தோழருக்கு நீங்களே தொழுது கொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விலகி நின்றார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றுக் கொண்ட பிறகே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் வசதி ஏற்பட்ட போது, அப்படி இறந்தவர்களின் கடனைத் தாமே பொறுப்பேற்றார்கள் என்பதும் ஹதீஸில் உண்டு. ஆனால் அந்த 3 தீனாருக்காகக் கருணை நபியின் தொழுகை ஒரு கணம் தயங்கி நின்றதே, அந்தத் தயக்கம் நம்மை உலுக்க வேண்டாமா?

யாரும் நினைக்காவிட்டால்?

"என்னை யார் நினைக்கப் போகிறார்கள்?" என்று மனம் நொந்து கேட்கும் ஏழைகளும், பிள்ளையில்லாதவர்களும், தனித்து வாழும் முதியோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஒரு நற்செய்தி. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டிப் பெருக்கி வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இறந்து போனார். இதற்காக நபி (ஸல்) அவர்களுக்கு ஏன் சிரமம் தர வேண்டும் என்று தோழர்கள் தாமே அடக்கம் செய்து விட்டார்கள். அவரைக் காணவில்லையே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். விஷயம் அறிந்ததும், எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டு, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுதார்கள். மக்கள் சிறிதாக எண்ணிய ஒரு துடைப்பம், அல்லாஹ்விடத்தில் சிறிதாக இருக்கவில்லை.

கர்பலாவில் உயிர் தப்பிய இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்களைப் பற்றியும் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. மதீனாவின் ஏழை வீடுகளுக்கு இரவு நேரத்தில் மாவும் உணவும் வந்து கொண்டிருந்தன. யார் தருகிறார் என்று வாங்கியவர்களுக்கே தெரியாது. இமாம் அவர்கள் வஃபாத்தான பின் அது நின்று போயிற்று. அவர்களைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் மூட்டை சுமந்த தழும்பைக் கண்டார்கள். அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. நம்மைக் குளிப்பாட்டுபவர்கள் நம் உடலில் எந்த நன்மையின் தழும்பைக் காண்பார்கள்?

மனிதர்களின் நினைவு மிகக் குறுகியது. உங்கள் பாட்டனாருடைய தாயாரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நம் பெயரும் மூன்று தலைமுறையில் அப்படித்தான் ஆகும். ஆனால் அவர்கள் முற்படுத்தியதையும் அவர்கள் விட்டுச் சென்ற சுவடுகளையும் தான் எழுதுவதாக யாஸீன் சூராவின் 12ஆவது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். ஆதமின் மகன் இறந்ததும் அவனுடைய அமல்கள் நின்று விடுகின்றன. நீடித்து நிற்கும் தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்பது நாமறிந்த ஹதீஸ். பெயர் அழிந்தாலும் பலன் ஓடிக் கொண்டிருக்கும்.

நம் தமிழகத்திலேயே, 17ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த செய்கு அப்துல் காதிர் மரைக்காயரைப் பற்றிச் 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற சொல் வழங்குகிறது. அடக்கமான பின்பும் புலவருக்கு மோதிரம் கொடுத்தார் என்ற கதை ஒரு பக்கம் இருக்கட்டும். செத்த பின்பும் கொடுத்துக் கொண்டிருப்பது எப்படி என்பதை, மேற்சொன்ன ஹதீஸ் ஒவ்வொரு ஏழைக்கும் கூடக் கற்றுத் தருகிறது. ஒரு பிள்ளைக்கு அலிஃப், பே கற்றுக் கொடுத்த பாட்டியும் செத்தும் கொடுப்பவர்தான்.

ஓர் இரவுப் பயிற்சி

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனில், அறிவை வியாபாரியாகவும் நஃப்ஸைக் கூட்டாளியாகவும் உவமித்து, கூட்டாளியிடம் நாள் தோறும் கணக்குக் கேட்க வேண்டும் என்று போதிக்கிறார்கள். நம்மவர்கள் வியாபாரிகள். வருடக் கடைசியில் ஐந்தொகை போடாமல் விடுவோமா? அதுபோல ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இஷாவுக்குப் பின் தனியாக அமருங்கள். ஒரு காகிதம் எடுத்துக் கொள்ளுங்கள்.

1. மேற்சொன்ன நான்கு சாட்சிகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். நாம் இன்றிரவு மௌத்தாகி விட்டால் அவர் உண்மையாக என்ன சொல்வார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். 'கோபக்காரர்' என்றால் அப்படியே எழுதுங்கள்.

2. அதற்கு எதிரே, அவர் என்ன சொன்னால் அல்லாஹ்விடம் நமக்கு நல்லது என்பதை எழுதுங்கள். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் நாம் நடக்க வேண்டிய தூரம்.

3. வாய் திறக்காமல் தரையைப் பார்க்கப் போகும் அந்த ஒருவரின் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். மானத்திலோ வேறெதிலோ தன் சகோதரனுக்கு அநீதி செய்தவர், தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே அதைத் தீர்த்துக் கொள்ளட்டும் என்பது நபிமொழி. காலையில் முதல் வேலையாக அவரைப் போய்ப் பாருங்கள்.

4. கடன்களையும் அமானிதங்களையும் தனியே எழுதி, வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். வஸிய்யத்துச் செய்ய வேண்டியது உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கூடக் கழிப்பது தகாது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்.

5. சாட்சிகளைப் பற்றி எழுதிய காகிதத்தைக் கிழித்து விடுங்கள். அதை யாரிடமும் காட்டாதீர்கள். காட்டினால் அதிலும் ஷைத்தான் பங்கு கேட்பான்.

மன்னிப்புக் கேட்கப் போகும் போது கால் கூசும். எந்த வாசலுக்குப் போக நம் கால் அதிகம் கூசுகிறதோ, அந்த வாசலுக்குத்தான் முதலில் போக வேண்டும். அவர் முகம் திருப்பிக் கொள்ளலாம். பரவாயில்லை. நாம் உயிரோடு நின்று கேட்டோமே! பெஞ்சு போட்ட பின்பு மகன் கேட்பதை விட, இன்று நாமே கேட்பது எவ்வளவோ மேல்.

நாளைக்காக எதை முற்படுத்தி வைத்திருக்கிறது என்று ஒவ்வோர் ஆத்மாவும் பார்த்துக் கொள்ளட்டும் என ஹஷ்ர் சூராவின் 18ஆவது வசனம் எச்சரிக்கிறது. நாளை வெகு தூரத்தில் இல்லை, சகோதரர்களே!

யா அல்லாஹ்! எங்களைப் பற்றி மக்கள் நல்லதாக எண்ணுவதை விட எங்களை நல்லவர்களாக்கி வைப்பாயாக! அவர்கள் அறியாத எங்கள் குறைகளை மன்னிப்பாயாக! எங்களால் மனம் நொந்தவர்களிடம் நாங்கள் உயிரோடிருக்கும் போதே போய்ச் சேர எங்களுக்குத் துணிவைத் தருவாயாக! எங்கள் ஜனாஸா கடந்து செல்லும் நாளில், உண்மையான நாவுகளின் நல்ல சாட்சியத்தை எங்களுக்கு நஸீபாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.